சுகுணா டீச்சருக்குப் பத்திரிகை வைத்தேன்

கண்ணு,

நேற்று சாயங்காலம் கூடுவாஞ்சேரிக்குப் போய் சுகுணா டீச்சருக்கு உன் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டு வந்தேன். தட்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் முறைப்படி கொண்டுபோனேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தப் பந்தியில் நம் வேன் டிரைவர் மணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உன் வருங்கால மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "இவங்க நைனாவ சாதாரணமா நெனச்சிகினு கீறீங்களா? டீச்சரம்மா டியூஷன ஊத்தி மூடத்தான் வேனே வாங்கினாரு" என்று பெருமையாகச் சொன்னான். நீ அங்கேயே எழுந்து வந்து, அது உண்மையா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீங்களே நேரில் போய் டீச்சரிடம் மன்னிப்பு கேட்டு, பத்திரிகை வைத்து, அவரைக் கல்யாணத்துக்கு அழைத்து வர வேண்டும், இல்லையென்றால் செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றாய். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் நான். உன் அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நாலு பேர் முன்னால் கேட்டதற்குப் பதிலும் நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டிலும் படிக்கக் கொடு. எப்பேர்ப்பட்ட ஆளிடம் சம்பந்தம் செய்கிறோம் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அணுபுரத்துக்கு வெளியே ரோட்டோரமாகக் குடியிருந்தோம், எனக்குக் கடை மாமல்லபுரத்தில். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சுகுணா டீச்சர் தன் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டு டியூஷன் நடத்தினார். அணுமின் நிலைய ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். நாலு கோடு நோட்டில் எழுத வைப்பார், வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பார், சனிக்கிழமை படம் வரையச் சொல்லுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்தம்மா கைப்பட்ட பிள்ளையின் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவன். கழுத்து நிறைய கிளிஞ்சல் மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரைக் கோயில் பக்கம் வெள்ளைக்காரர்கள் பின்னால் ஓடி, பிறகு தள்ளுவண்டி, பிறகு கடை என்று வந்தவன். என் பெண் அந்தப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்காருகிறாள் என்பதே எனக்கு அன்றைக்கு ஒரு ஏற்றம்.

மே மாத லீவில் அந்தம்மா முதல் தடவையாகக் கிளிஞ்சல் கைவேலை வகுப்பு வைத்தார். கிளிஞ்சல் மூட்டை நம் கடையிலிருந்துதான் போயிற்று. மொத்த விலைக்கே கொடுத்து, உடைசல் இல்லாமல் நானே பொறுக்கியும் கொடுத்தேன். கடைசி நாள் கண்காட்சி. செலவுக்கு ஆகட்டும் என்று நம் கடை மாலை, தோரணம் கொஞ்சம் விற்பனைக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மற்ற பிள்ளைகள் மயில் செய்தார்கள், ஆமை செய்தார்கள். எல்லாம் நம் கடை அலமாரியில் பார்த்து வரைந்துகொண்டு போனதுதான். நீ ஒருத்திதான் அணுமின் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஷிப்ட் பஸ்ஸைச் செய்தாய். தினம் வாசலில் நின்று பார்த்த அதே பஸ். வட்டச் சிப்பியில் சக்கரம், மெல்லிசுச் சிப்பியில் ஜன்னல், உள்ளே தூங்கி விழுகிற ஆட்களாகச் சின்னச் சின்னச் சோழி. டிரைவர் சோழி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நான் கிளிஞ்சலில் பிழைத்தவன், அந்த மாதிரி ஒன்றை என் கடையிலும் பார்த்ததில்லை, வேறெங்கும் பார்த்ததில்லை.

கண்காட்சிக்கு வந்தேன். உள்ளே நீள மேசை, வெள்ளைத் துணி. ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை, பின்னால் அந்தப் பிள்ளை. உன்னை உள்ளே காணோம். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு நம் கடை மாலைகளைக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலுக்கு நடுவில் உன் பஸ். அதன் மேல் ஒட்டிய சீட்டில் பெயர் இல்லை. முப்பது ரூபாய் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நீ நின்று வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயம் ஒன்று உண்டு. பெயர் எழுதி வைத்த பொருளை ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். விலை எழுதி வைத்த பொருளை எடுத்துத் திருப்பி, தட்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். உன் பஸ்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரிடம் போய்க் கேட்டேன். கடைச் சரக்கு என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். எந்தக் கடையிலம்மா கிளிஞ்சலில் பஸ் செய்து விற்கிறார்கள் என்றேன். நாலு அம்மாமார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா குரலை இறக்கிக்கொண்டார். தெற்கத்திப் பேச்சு, நிதானமாகத்தான் வரும்.

"உங்களுக்கு இது தொழில். மத்த பிள்ளைங்களுக்கு இது திறமை. ரெண்டையும் எப்படி ஒரே மேசையில வைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

 சந்தையில் எவனுக்கும் பதில் சொல்லாமல் நகராதவன் நான். அன்றைக்கு நகர்ந்தேன். நகர்ந்து வாசலுக்கு வந்தால், தலைமை விருந்தாளியாக வந்தவரின் சம்சாரம் உன்னிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இருபதுக்குக் கேட்டார். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "கட்டுப்படி ஆகாதும்மா" என்றாய். சீட்டில் இருந்த முப்பதுக்கே விற்றும் விட்டாய். ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அப்பா, என்னுது மட்டுந்தாம்பா வித்துச்சி. அவங்களுது ஒண்ணுகூட விக்கல."

உனக்கு அவமானம் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா, "மூஞ்சி ஏன் இப்டி கீது? பொண்ணு சந்தோசமாத்தானே கீது, உனுக்கு இன்னா?" என்றாள். எனக்கு இன்னாவா? நீ இன்று அதையேதான் வேறு பாஷையில் கேட்கிறாய்: எனக்கே வலிக்காதபோது நீங்கள் ஏன் பழி வாங்கினீர்கள் என்று. கண்ணு, அது உன் கணக்கில் நான் வாங்கிய பழி இல்லை. என் கணக்கு. என் பிழைப்பை ஒருத்தி என் பெண்ணின் நெற்றியில் சீட்டாக ஒட்டினாள். நீ வேண்டுமானால் மறந்துகொள். அது உன் இஷ்டம்.

அன்றே நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருந்தால் மறுநாள் எனக்கும் ஆறிப்போயிருக்கும், அவருக்கும் ஆறிப்போயிருக்கும். நான் கத்தவில்லை. உனக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன், கல்யாணமாகிப் போகிற இடத்தில் உதவும். யாராவது உன்னைக் கீழே இறக்கி வைத்துப் பேசினால் அந்த இடத்தில் அழாதே, கத்தாதே. அவர்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று பார். பார்த்து முடிக்கிறவரை சிரித்துக்கொண்டிரு.

நான் பார்த்தேன். தினமும் உன்னைக் கூப்பிடப் போகிற சாக்கில் அந்த மாடிப்படிக்குக் கீழே நின்று பார்த்தேன். அந்தம்மா பாடம் விற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்கள் பாடம் வாங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஷிப்ட் பஸ் வரும்வரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவர்கள் கவலை. பிள்ளைகள் வெயிலில் நடந்து வந்தார்கள், பசியோடு வந்தார்கள். அந்தம்மா தண்ணீர்ப் பானை ஒன்று வைத்திருந்தார், அவ்வளவுதான். பரிசு என்று பார்த்தால் வருடத்துக்கு மூன்றே மூன்று. மற்ற பிள்ளைகளின் அம்மாமார்கள் படி இறங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் இத்தனை ஓட்டை இருந்தால் எதிர்க்கடைக்காரன் மெனக்கெடவே வேண்டாம்.

இரண்டு வருடம் பொறுத்துப் பணம் சேர்த்தேன். பிறகு அதே ரோட்டில் ஒரு ஹாலைப் பிடித்தேன். செங்கல்பட்டில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைத்தேன். பழைய வேன் ஒன்றை வாங்கி மணியைப் போட்டேன். பள்ளிக்கூட வாசலில் ஏற்றி, முடிந்ததும் வீட்டு வாசலில் இறக்குவான். வந்ததும் கை கால் கழுவச் சொல்லிச் சுண்டல், இல்லையென்றால் போண்டா. அதற்கப்புறம்தான் நோட்டு. சனிக்கிழமை செஸ், அபாகஸ், களிமண், பொம்மலாட்டம். டீச்சர் வாங்கியதைவிடக் கம்மியாகவே ஃபீஸ் வைத்தேன், நஷ்டத்தைக் கிளிஞ்சல் கடை தாங்கியது.

ஆனால் அவரை விழ வைத்தது வேனும் இல்லை, போண்டாவும் இல்லை. கப். பாரிமுனையில் மொத்த விலைக்குப் பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் கப் வாங்கி வந்தேன், தங்கக் கலர் பூசியது. மே மாதம் நம் ஹாலிலும் கண்காட்சி வைத்து, வந்த பிள்ளை அத்தனைக்கும் ஒவ்வொரு கப், அடியில் பிள்ளையின் பெயர். மண்ணை உருட்டிப் பாம்பு என்று வைத்தவனுக்கும் கப், அதைப் பார்த்துப் பயந்தவனுக்கும் கப். கூப்பிட்டுக் கையில் கொடுத்து, அம்மா அப்பாவோடு போட்டோவும் எடுத்துக் கொடுத்தோம். வீட்டுக்கு வீடு டிவி மேல் நம் கப் உட்கார்ந்தது. டீச்சரிடம் போன பிள்ளையின் வீட்டில் டிவி மேல் பூச்சாடிதான் இருந்தது. அடுத்த ஜூனில் பாதிப் பிள்ளைகள் நம் வேனில் ஏறினார்கள். அதற்கடுத்த ஜூனில் அந்த மாடியில் நீ ஒருத்திதான்.

ஆமாம், நீ. உன்னை நான் நம் ஹாலுக்கு அனுப்பவில்லை. என் சரக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு பெண்களும் நல்ல பெண்கள்தான், ஆனால் சுகுணா டீச்சர் கால் தூசிக்கு ஆக மாட்டார்கள். எழுத்து வேண்டும் என்றால் அந்தம்மாதான். அதனால் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அந்த மாடியிலிருந்து இறக்கிய நான், என் பிள்ளையை மட்டும் தினமும் ஏற்றிவிட்டேன். மாதம் பிறந்தால் ஃபீஸ் தவறியதில்லை. அப்பா விசுவாசமாக இருந்தார் என்று நீ இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாயே, அது இதுதான். ஒரு வருடம் அந்தம்மா உன் ஒருத்திக்காகப் பாய் விரித்துப் பாடம் எடுத்தார். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் லாரி போகும்போது நான் கடையைக்கூடத் திறக்காமல் ரோட்டில் நின்று பார்த்தேன். நீ அழுதுகொண்டு நின்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக நின்றேன்.

அவர் போனதும் ஹாலை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வியாபாரம் நன்றாக நடந்தது. ஃபீஸை ஏற்றினேன், யாரும் முணுமுணுக்கவில்லை. ஈசிஆர் ரோடு அகலமானதும் திருவிடந்தையில் இன்னொரு சென்டர், அப்புறம் செங்கல்பட்டில் ஒன்று. உன் இன்ஜினியரிங் சீட்டு, ஹாஸ்டல், உனக்கு நான் செய்யும் நகை எல்லாம் அந்தக் கப்பிலிருந்து வந்ததுதான். ஆபீஸ் வேலைக்குப் போன பிறகு கூடுவாஞ்சேரியில் டீச்சரைக் கண்டுபிடித்து, தீபாவளிக்குத் தீபாவளி புடவை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாயே, அந்தச் சம்பளமும் அங்கிருந்துதான் முளைத்தது. இதைக் கேட்டு நீ நகையைக் கழற்றி வீசினால் நான் பொறுக்கி உள்ளே வைப்பேன். தங்கத்துக்கு ரோஷம் கிடையாது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் கீழ்வீடு. கதவு திறந்திருந்தது. முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை. வகுப்பு முடியட்டும் என்று சைகை காட்டினார். நாற்காலி எதுவும் இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த வாண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாத்தா, நீயும் டியூஷனா?" என்று கேட்டது. டீச்சர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஆமா, லேட் அட்மிஷன்" என்றார். பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்துவைத்தேன். ஒரு ரயில் போயிற்று, இன்னொரு ரயில் போயிற்று, அந்தம்மா அவசரப்படவில்லை.

கடைசிப் பிள்ளை போனதும் தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"இல்ல."

"நல்லது. கேட்டிருந்தா தட்டோட அனுப்பியிருப்பேன்."

பேரம் பேசத் தெரிந்த ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் நான் இத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டேன். அந்த பஸ் கடைச் சரக்கு என்று நிஜமாகவே நினைத்தீர்களா?

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"இல்ல. உங்க பொண்ணு செஞ்சதுன்னு நல்லாத் தெரியும். என் கண்ணு முன்னாலதானே ஒட்டினா. அது மேசையில நின்னிருந்தா மத்ததெல்லாம் குப்பையாத் தெரியும். அந்த அம்மாமாருங்க ஒருத்தரும் அடுத்த லீவுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டாங்க. உங்களுக்குச் சரக்கு கிளிஞ்சல்னா எனக்குச் சரக்கு அந்தப் பிள்ளைங்க. நானும் கடைதானே சார் நடத்துனேன்."

கண்ணு, அன்றைக்கு வாசலிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். இதைவிட நியாயமான காரணம் ஒரு வியாபாரிக்குக் கிடையாது. ஆனால் அவர் என்னிடம் தொழில், திறமை என்று படித்தவர்கள் பாஷையில் பேசினார். அதற்குத்தான் அந்த வேன்.

பிறகு அவர் முறை. அப்போது அவர் வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் வேலையை விட்டிருந்தார், டியூஷன் காசில்தான் அடுப்பு எரிந்தது என்றார். அது உங்களுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரிந்துதான் செய்தேன் என்றேன். பொய் சொல்லப் போனால் அவர் சொன்ன உண்மைக்கு மரியாதை இல்லாமல் போய்விடும். அவர் அதற்குக் கோபப்படவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் போண்டா போட்டுக் கூட்டிட்டுப் போனீங்க, சரி. உங்க பொண்ண மட்டும் கடைசி நாள் வரைக்கும் ஏன் சார் அனுப்புனீங்க? அவ ஒருத்தி வராம இருந்திருந்தா ஒரு வருஷம் முன்னாலயே கிளம்பியிருப்பேன். நீங்க மூட வெச்சதக்கூடத் தாங்கிக்கிட்டேன். உங்க பிள்ளைக்கு மட்டும் நல்ல பாடம் வேணும்னு எங்கிட்டயே வாங்குனீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

நான் நன்றாகப் பழி வாங்கிவிட்டேன் என்று எனக்கு நேற்றுதான் உறுதியாகத் தெரிந்தது. இத்தனை வருடம் லாரி போனதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். காயம் பட்ட இடம் வேறு.

தட்டு இன்னும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கல்யாணத்துக்கு வருவீர்களா, என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டேன். பணம் என்று வாயெடுக்கவில்லை. அந்தத் தப்பை நான் செய்ய மாட்டேன். அவர் முன்பே யோசித்து வைத்த மாதிரிச் சொன்னார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். நீ ரிஜிஸ்டர் ஆபீசில் மாலையோடு நிற்பது கண்ணில் வந்தது. உட்கார்ந்து பேசினேன். காபிகூடக் கொடுக்காமல் பேசினார். பேச்சு முடிந்து, அவர் தட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தேன்.

பேசி முடித்தது இது. டீச்சர் உன் கல்யாணத்துக்கு வருவார், முகூர்த்தத்துக்கு முன்பே வருவார், பெண் வீட்டு வரிசையில் உட்காருவார், உன் தலையில் அட்சதை போடுவார். அதற்கு ஈடாக, நம் மூன்று சென்டரிலும் மே மாதக் கண்காட்சிக்கு அவர்தான் நடுவர். சென்டருக்கு மூன்று பரிசு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகள் செய்ததைப் பற்றி அம்மா அப்பாக்கள் முகத்துக்கு நேராக அவர் உள்ளதைச் சொல்லுவார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. எத்தனை பிள்ளைகள் நின்றுபோனாலும் நஷ்டம் என்னுடையது. மன்னிப்பு இரண்டு பக்கமும் இல்லை. அவர் ஐந்து வருடம் கேட்டார், நான் ஒரு வருடம் என்றேன், மூன்று வருடத்துக்கு முடிந்தது.